வளர்ப்பு ஆமை, பல்லி, பாம்புக்கு உடம்பு சரியில்லையா? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் ஊர்வன வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "ஆமை நாலு நாளா சாப்பிட மாட்டேங்குது, என்ன மருந்து கொடுக்கலாம்?" மருந்துக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. தொட்டியில் இப்போது எத்தனை டிகிரி?

நாயும் பூனையும் தின்ற தீனியிலிருந்து தாமே சூட்டை உண்டாக்கிக்கொள்ளும். ஆமையும் பல்லியும் பாம்பும் அந்தச் சூட்டை வெயிலிலிருந்தோ சூடான கல்லிலிருந்தோ விளக்கிலிருந்தோ வாங்கிக்கொள்கின்றன. செரிமானம், நோய் எதிர்ப்பு, எலும்பு வளர்ச்சி, கொடுத்த மருந்து உடம்பில் பரவுவது எல்லாமே அப்படி வாங்கிய சூட்டை நம்பித்தான் நடக்கின்றன. அதனால் கூண்டை அந்தப் பிராணியின் உடம்பில் ஒரு பாதியாகவே நினைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேற்பட்ட நோய்கள் தொடங்குவது அங்கேதான். கீழே சொல்லும் ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் கூண்டையும் அப்புறம் பிராணியையும் பார்க்கும் வரிசையையே வைத்திருக்கிறேன்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைகளில் கிடைக்கும் சிவப்புக் காது ஆமை (ரெட் இயர்டு ஸ்லைடர்), லெப்பர்ட் கெக்கோ, பியர்டட் டிராகன், இகுவானா என்ற பல்லி வகைகள், பால் பைத்தான் என்ற பாம்பு ஆகியவற்றுக்குத்தான் இந்தக் குறிப்புகள். நட்சத்திர ஆமை, உடும்பு, நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். செல்வம் பெருகும் என்று யாராவது நட்சத்திர ஆமையைக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இகுவானா, பால் பைத்தான் போன்ற, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

மருந்துக்கு முன்னால் எடுக்க வேண்டிய அளவுகள்

டிஜிட்டல் வெப்பமானி ஒன்று, சமையலறைத் தராசு ஒன்று. இரண்டும் இல்லாமல் ஊர்வன வளர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கையை வைத்துப் பார்த்துவிட்டு 'சூடாத்தான் இருக்கு' என்று சொன்னால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கூண்டின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். இரண்டு முனைகளையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். சிவப்புக் காது ஆமைக்குத் தண்ணீர் 24 முதல் 28 டிகிரி வரையும், ஏறிக் காயும் மேடை 30 முதல் 34 வரையும் இருக்கலாம். லெப்பர்ட் கெக்கோவுக்குச் சூடான பக்கத்துத் தரை 31 முதல் 33. பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31, 32, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. பியர்டட் டிராகன் பாலைவனத்துப் பிராணி என்பதால் அது காயும் இடம் 38 முதல் 42 வரை போகலாம், ஆனால் மறுமுனை 28ஐத் தாண்டாமல் இருந்தால் நல்லது. இகுவானாவுக்குக் காயும் கிளை 35 முதல் 38. அதோடு நல்ல ஈரப்பதமும் வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்குச் சூடு எதற்கு என்று தோன்றும். சித்திரை வைகாசியில் அது சரிதான். ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையிலும் மார்கழி இரவிலும் சிமென்ட் தொட்டித் தண்ணீர் சில்லென்று ஆகிவிடும். ஏசி ஓடும் அறையில் வைத்த கூண்டுக்கு வருஷம் முழுக்க மார்கழிதான். செட்டிநாட்டு வீடுகளுக்கே உரிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. உயரமான கூரை, கெட்டிச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தளம் எல்லாம் மனிதர்கள் கோடையில் குளுகுளுவென்று இருக்கக் கட்டியவை. அந்தத் தளத்தில் கண்ணாடிக் கூண்டை அப்படியே வைத்தால் அடியில் ஒட்டிய ஹீட் மேட்டின் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) சூட்டைத் தளம் உறிஞ்சிக்கொள்ளும். அடியில் ஒரு பலகையோ தெர்மோகோல் அட்டையோ போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

எடையை வாரம் ஒரு முறை அதே தராசில் பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு அந்த நோட்டிலேயே பதில் கிடைத்துவிடும்.

அறிகுறி: சாப்பிடவில்லை

இதுதான் அதிகம் வருவது. இதில்தான் அவசரப்பட்டுக் கெடுப்பதும் அதிகம்.

சூடு குறைந்தால் செரிமான நொதிகள் வேலை செய்யாது. அந்த நேரத்தில் வயிற்றில் தீனி இருந்தால் அது செரிக்காமல் உள்ளேயே அழுகும். பிராணிக்கு இது உடம்பிலேயே தெரியும், அதனால் வாயைத் திறக்காது. அந்த வாயைப் பிடித்துத் திறந்து ஊட்டினால் நோய் இல்லாத பிராணியை நோயாளி ஆக்குகிறோம். ஆகவே முதலில் சூடு, அப்புறம் தண்ணீர், கடைசியில்தான் தீனி. சூட்டைச் சரிசெய்து இரண்டு மூன்று நாள் விடுங்கள். பியர்டட் டிராகனை வெதுவெதுப்பான தண்ணீரில், தோள் மூழ்காத ஆழத்தில், கால் மணி நேரம் கண் முன்னாலேயே விட்டு எடுங்கள். நிறைய பிராணிகள் அப்போதே தண்ணீர் குடிக்கும். அதற்குப் பிறகு தீனி வைத்தால் போதும்.

சூடு சரியாக இருந்தும் சாப்பிடவில்லை என்றால் இனம் வாரியாகப் பார்க்க வேண்டும்.

சிவப்புக் காது ஆமைக்கு நம்மைப் போல எச்சில் ஊறாது. தண்ணீருக்குள் இருந்தால்தான் அதனால் விழுங்க முடியும். தரையில் விட்டுத் தீனியை முன்னால் போட்டுவிட்டு 'தொடவே மாட்டேங்குது' என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. தண்ணீரில் போடுங்கள். இன்னொன்று, குட்டியாக இருக்கும்போது இறைச்சியைத் தேடிய ஆமை வளர்ந்த பிறகு இலை தழைகளையும் தேடும். அகத்திக்கீரையோ முருங்கைக்கீரையோ ஒரு கொத்து மிதக்கவிட்டுப் பாருங்கள்.

பால் பைத்தான் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கக்கூடிய பாம்பு. குளிர் மாதங்களிலும் இனப்பெருக்கக் காலத்திலும் ஆண் பாம்புகள் இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இங்கேதான் எடை நோட்டு உதவும். எடை அப்படியே நின்றால் காத்திருக்கலாம். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண் பால் போல வெளுத்திருந்தால் அது சட்டை உரிக்கப் போகிறது, அதுவரை தின்னாது. இரை தின்ற பாம்பை இரண்டு நாளாவது கையில் எடுக்காதீர்கள், கக்கிவிடும். ஒரு முறை கக்கினால் அடுத்த இரைக்குப் பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விட்டு, வழக்கத்தைவிடச் சிறிய இரையாகக் கொடுங்கள்.

இகுவானா இலை மட்டும் தின்னும் பிராணி. மாட்டுக்கு முன்வயிற்றில் நடப்பது இதற்குப் பெருங்குடலில் நடக்கிறது. அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள்தான் இலையை நொதிக்கவைத்துச் சத்தாக மாற்றிக் கொடுக்கின்றன. அந்த நுண்ணுயிர்களுக்கும் சூடு வேண்டும். அதனால் சூடு குறைந்த இகுவானா முதலில் சாப்பாட்டை நிறுத்தும், அடுத்து மலச்சிக்கலில் விழும்.

பெண் பிராணி சாப்பாட்டை நிறுத்திவிட்டு மூலையையோ கண்ணாடியையோ பின்னங்காலால் பிராண்டிக்கொண்டே இருந்தால் வயிற்றில் முட்டை இருக்கலாம். ஆண் துணை இல்லாமலே பெண் ஆமையும் இகுவானாவும் பியர்டட் டிராகனும் கருவில்லாத முட்டை இடும். தோண்ட இடம் இல்லாவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கி வைக்கும், அது உயிருக்கே ஆபத்து. ஈர மணல் நிரப்பிய ஆழமான தொட்டி ஒன்றை வைத்து, ஆள் நடமாட்டம் இல்லாமல் விடுங்கள். தோண்டுவதை நிறுத்தித் துவண்டு படுத்துவிட்டால் அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வயிற்றை அழுத்திப் பார்க்கவே கூடாது, முட்டை உள்ளே உடைந்துவிடும்.

அறிகுறி: விரல் நடுங்குகிறது, ஓடு மெத்தென்று இருக்கிறது, கால் வளைகிறது

எலும்பு இளகும் இந்த நோய்க்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். முழுக்கத் தவிர்க்கக்கூடியது, ஆனாலும் வளர்ப்பு ஊர்வன பலவற்றின் உயிரை எடுப்பது.

நடப்பது இதுதான். வெயிலில் இருக்கும் புற ஊதா பி (யுவிபி) கதிர் தோலில் படும்போது தோலுக்குள் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருள் வைட்டமின் டி3க்கு முந்தைய வடிவமாக மாறுகிறது. தோல் சூடாக இருந்தால் அது டி3 ஆகிறது. டி3 இருந்தால்தான் தின்ற கால்சியத்தைக் குடல் உறிஞ்சும். இந்தச் சங்கிலியில் எங்கே அறுந்தாலும் இரத்தத்தில் கால்சியம் குறையும். உடனே பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தைப் பிடுங்கி இரத்தத்துக்குக் கொடுக்கும். இதயமும் தசையும் ஓட வேண்டுமே. எலும்பு இளகி வளையும். அந்த இடத்தில் நார்த்திசு வளர்வதால் இகுவானாவின் தொடையும் தாடையும் பருத்துத் தெரியும். 'நல்லா கொழுத்திருக்கு' என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். தாடையை மெல்ல அழுத்தினால் ரப்பர் போல அமுங்கும். எலும்பிலிருந்து எடுத்தும் போதாமல் போகும்போதுதான் விரல் நடுக்கமும் இழுப்பும் வருகின்றன. நடுக்கம் தெரிந்தால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை, அன்றே மருத்துவர்.

ஆமைக்குட்டியின் ஓட்டு விளிம்பு பிறந்த புதிதில் கொஞ்சம் வளையும், அது இயல்பு. வளர வளர இறுகாமல் மெத்தென்றே இருந்தாலோ, இறுகிய ஓடு இளகினாலோ இதே நோய்தான்.

கூண்டில் பார்க்க வேண்டியது வெளிச்சம். நம் பக்கத்து வீடுகளில் ஆமைத் தொட்டி இருக்கும் இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று அப்பத்தா முகம் சுளிப்பார் என்பதற்காகத் தொட்டியை முகப்பிலும் வளவிலும் வைக்காமல் இரண்டாம் கட்டில் இருட்டு அறைக்குத் தள்ளியிருப்பார்கள். பெரியவர்கள் மனசு நோகாமல் வளர்க்க நினைப்பது நல்லதுதான், ஆனால் ஆமைக்கு அங்கே எலும்பு வளராது. சன்னலோரம் வைத்திருக்கிறோமே என்பதும் போதாது. சன்னல் கண்ணாடி புற ஊதா பி கதிரை நிறுத்திவிடும். பழைய வீடுகளில் உள்ள வண்ணக் கண்ணாடி வழியாக விழும் வெளிச்சம் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வேலைக்கு உதவாது.

ஆனால் அதே வீட்டின் நடுவில் திறந்த முற்றம் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்து விளக்கு வாங்குவதற்கு முன்னால் அந்த முற்றத்தைப் பயன்படுத்துங்கள். காலை எட்டரை ஒன்பது மணி வெயிலில், கம்பி வலைக் கூண்டில், அரைமணி நேரம் விடுங்கள். விடியற்காலை இளவெயிலில் இந்தக் கதிர் மிகக் குறைவு, உச்சி வெயில் ஆளைச் சுட்டுவிடும். கூண்டில் பாதி கட்டாயம் நிழலாக இருக்க வேண்டும், சூடு ஏறியதும் ஒதுங்க இடம் வேண்டும். கண்ணாடித் தொட்டியையோ மூடிய பிளாஸ்டிக் பெட்டியையோ வெயிலில் வைக்காதீர்கள், சில நிமிஷங்களிலேயே உள்ளே வெந்துவிடும். காக்கை, பூனை, கீரி, மயில் எல்லாம் நம் ஊரில் உண்டு. ஆகவே வலை இல்லாமல் விடக்கூடாது, வலை இருந்தாலும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

முற்றம் இல்லாத வீட்டுக்காரர்கள் ஊர்வனவற்றுக்கான யுவிபி விளக்கு வாங்கலாம். கதிருக்கும் பிராணிக்கும் நடுவில் கண்ணாடி இருக்கக் கூடாது. வெளிச்சம் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே கதிர் குறைந்துகொண்டே வரும், அதனால் ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் மாற்ற வேண்டும். லெப்பர்ட் கெக்கோ அந்தியில் நடமாடும் பிராணி. டி3 கலந்த கால்சியப் பொடியைப் பூச்சியில் தூவிக் கொடுத்தாலே அதற்குப் பெரும்பாலும் போதும். முழு எலியை எலும்போடு விழுங்கும் பாம்புக்கு இந்த நோய் அநேகமாக வராது.

அடுத்து தீனி. பாஸ்பரஸைப்போல் இரண்டு மடங்கு கால்சியம் வேண்டும். சோறு, பிரெட், வெறும் இறைச்சி மூன்றிலும் கணக்கு தலைகீழ். பசலைக்கீரையில் இருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப் போட்டுவிடும், எப்போதாவது போதும். முருங்கை, அகத்தி, செம்பருத்தி இலை, முள் சுட்டு நீக்கிய சப்பாத்திக்கள்ளி நான்கும் இகுவானாவுக்கு அருமையான தீனி. நம் பொட்டல் பூமியில் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை. கால்சியத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று கேளுங்கள். கணவாய் மீனின் உள்ளோடு அது. முழுத் துண்டாக வாங்கி, பின்பக்கத்துக் கெட்டித் தகட்டை நீக்கிவிட்டு, மெத்தென்ற பகுதியைச் சுரண்டித் தீனியில் தூவுங்கள். ஆமைத் தொட்டியில் ஒரு துண்டை மிதக்கவிட்டால் அதுவே கடித்துக்கொள்ளும். ஆனால் கடல் நுரையில் டி3 கிடையாது. வெயில் இல்லாமல் இதை மட்டும் கொடுத்தால் தின்ற கால்சியம் எச்சத்தோடு போய்விடும்.

வளைந்த எலும்பு நிமிராது. ஆனால் மேற்கொண்டு வளையாமல் தடுக்கலாம், ஓடு இறுகும், நடுக்கம் நிற்கும். முன்கூட்டியே கண்டுபிடித்தால் பிராணி நெடுநாள் வாழும்.

அறிகுறி: மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு, சாய்ந்தபடி நீந்துதல்

ஊர்வனவற்றுக்கு நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருப்பது போன்ற உதரவிதானத் தசை இல்லை, அதனால் நம்மைப்போல் இருமத் தெரியாது. நுரையீரலில் சளி சேர்ந்தால் வெளியே தள்ள வழியில்லாமல் உள்ளேயே கெட்டிப்படும். நமக்கு வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும். காத்திருக்கவே கூடாத அறிகுறி இது.

ஆமையின் விலா எலும்புகள் ஓட்டோடு ஒட்டியவை, நெஞ்சு விரியாது. கால்களையும் வயிற்றுத் தசைகளையும் அசைத்துத்தான் மூச்சு வாங்கும். நுரையீரல் இரண்டும் மேலோட்டுக்கு நேர் கீழே, மிதவை மாதிரி இருக்கின்றன. ஒரு பக்கத்தில் சளி நிரம்பினால் அந்தப் பக்கம் கனத்து ஆமை சாய்ந்து மிதக்கும். மூழ்க முயன்று முடியாமல் தவிக்கும் ஆமையைப் பார்த்து 'விளையாடுது' என்று விட்டுவிடாதீர்கள்.

கூண்டில் பார்க்க வேண்டியது சூடும் காற்றோட்டமும். மேடையில் ஏறிக் காய இடம் உண்டா? தண்ணீரை மாற்றும்போது சில்லென்ற கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றுகிறீர்களா? பாம்புக் கூண்டில் படுக்கை நனைந்து ஊறிக் கிடக்கிறதா? மருத்துவரிடம் போகும்வரை பகலும் இரவும் அந்தந்த இனத்துக்குரிய சூட்டின் மேல் எல்லையில் வையுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி அந்தச் சூட்டில்தான் வேலை செய்யும். தைலம் தடவுவது, சாம்பிராணிப் புகை போடுவது இரண்டும் வேண்டாம்.

அறிகுறி: ஆமைக்குக் கண் வீங்கி மூடிக்கிடக்கிறது, காதோரம் உருண்டை

கண் சொட்டு மருந்து விட்டும் ஆறவில்லை என்பார்கள். ஆறாது, ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் கண்ணில் இல்லை, தீனியில் இருக்கிறது. வைட்டமின் ஏ குறைந்தால் கண், மூக்கு, காது இவற்றின் உள்பக்கத்து மெல்லிய தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும். அது சுரப்பிகளின் வாயை அடைப்பதால் இமை வீங்கும். நடுக்காதில் அடைத்தால் கண்ணுக்குப் பின்னால் பட்டாணி அளவுக்கு உருண்டை எழும். சதா காய்ந்த இறால் மட்டுமே போட்டு வளர்த்த ஆமைக்கு வருவது இது. கண் தெரியாததால் தீனியும் தேடாது.

ஊர்வனவற்றின் சீழ் நம்முடையதைப்போல் ஒழுகாது, பன்னீர்க் கட்டி போலக் கெட்டியாக உறையும். அதனால் காதோர உருண்டையைக் குத்திப் பிதுக்க முடியாது, மருத்துவர் கீறி எடுக்க வேண்டும். வைட்டமின் ஏ ஊசியையும் அவர்தான் அளவு பார்த்துப் போட வேண்டும், அளவு மீறினால் தோல் உரிந்து புண்ணாகும். நீங்கள் செய்யக்கூடியது தண்ணீரைச் சுத்தமாக வைப்பதும் தீனியை மாற்றுவதும். கேரட், பூசணி, கீரைகள், மண்புழு, எப்போதாவது துளி ஈரல்.

அறிகுறி: தோல் முழுசாக உரியவில்லை

பாம்பு ஒரே சட்டையாகக் கழற்றும், பல்லிகள் துண்டு துண்டாக உரிக்கும். பாம்புச் சட்டை கிழிந்து துண்டுகளாக வந்தால் ஈரப்பதம் போதவில்லை. பங்குனிக்கு மேல் நம் பக்கத்துக் காற்று வறண்டுவிடும், அப்போது இது சகஜம். ஈரப் பாசியோ ஈரத் துணியோ போட்ட மூடிய டப்பாவில் ஒரு வாசல் வெட்டிக் கூண்டுக்குள் வைத்தால் தானே போய்ப் படுத்து உரித்துக்கொள்ளும்.

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் ஒரு தெளிவான செதில் மூடியிருக்கும், அதுவும் சட்டையோடு சேர்ந்து கழல வேண்டும். கழன்ற சட்டையின் தலைப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்துக் கண் மூடிகள் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று குறைந்தால் அது கண்ணிலேயே தங்கிவிட்டது. நகத்தாலோ சாமணத்தாலோ எடுக்கப் போனால் கண்ணே போகும். ஈரப்பதத்தைக் கூட்டி அடுத்த சட்டைவரை காத்திருங்கள், அப்போதும் வராவிட்டால் மருத்துவர்.

லெப்பர்ட் கெக்கோவுக்கு விரல் நுனிதான் ஆபத்து. உரியாத தோல் காய்ந்து நூல் சுற்றியது போல இறுக்கும், இரத்தம் போகாமல் விரல் கருகி உதிரும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் நிற்கவைத்து, ஈரமான பட்ஸால் மெல்ல உருட்டி எடுங்கள். வாலை மட்டும் பிடிக்காதீர்கள், கழற்றிக்கொண்டு ஓடிவிடும். கெக்கோவுக்கு மறுபடி வளரும், பியர்டட் டிராகனுக்கு வால் போனால் போனதுதான்.

அறிகுறி: எச்சத்தில் மாற்றம், பின்பக்கம் ஏதோ பிதுங்குகிறது

பல்லி, பாம்பு எச்சத்தில் பழுப்புப் பகுதியோடு வெள்ளைக் கட்டி ஒன்று இருக்கும். அதுதான் சிறுநீர். தண்ணீரை மிச்சப்படுத்த அவை கழிவை யூரிக் அமிலமாகக் கெட்டியாக்கி வெளியேற்றுகின்றன. வெள்ளைப் பகுதி மெத்தென்று இருந்தால் சரி. சுண்ணாம்புக் கட்டி போலக் கடினமாகவோ மஞ்சளாகவோ இருந்தால் உடம்பில் தண்ணீர் இல்லை. நாள்பட்டால் சிறுநீரகத்திலும் மூட்டிலும் யூரிக் அமிலம் படிந்துவிடும். இலை தின்னும் இகுவானாவுக்கு 'சத்துக்கு' என்று முட்டையும் கோழியும் கொடுப்பதும் இங்கேதான் கொண்டுபோய்விடும். நீர் ஆமையின் கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாகவும் யூரியாவாகவும் தண்ணீரிலேயே கலக்கிறது. தொட்டி நாறினால் ஃபில்டரைப் பாருங்கள்.

மலம், சிறுநீர், முட்டை, இனப்பெருக்கம் எல்லாவற்றுக்கும் இவற்றுக்கு ஒரே வாசல்தான், பொதுக்கழிவுப்புழை என்பார்கள். ஆண் ஆமை தண்ணீரில் கரிய உறுப்பை வெளியே நீட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொள்வது இயல்பு. உள்ளே போகாமல் சிவந்த சதை தொங்கினால் அவசரம். சுத்தமான தண்ணீரில் கழுவி, கெட்டியான சர்க்கரைக் கரைசலில் நனைத்த துணியால் மூடி, காயவிடாமல் கொண்டுபோங்கள். சர்க்கரை வீக்கத்தின் நீரை இழுக்கும். நீங்களே உள்ளே தள்ளாதீர்கள்.

அறிகுறி: ஓட்டில் வெள்ளைத் திட்டு, நாற்றம், வெடிப்பு

ஓடு உயிருள்ள எலும்பு. மேலே நகம் போன்ற தகடுகள், அடியில் இரத்தமும் நரம்பும். தொட்டால் அதற்குத் தெரியும். சிவப்புக் காது ஆமை கண்ணாடி போன்ற மெல்லிய தகடுகளை உதிர்ப்பது வளர்ச்சி, பச்சைப் பாசி படிவதும் நோயல்ல. குழி விழுந்து, அழுத்தினால் இளகி, நாற்றம் வந்தால் அழுகல். தேநீர் நிறத்துக்கு நீர்த்த போவிடோன் அயோடினால் துடைத்து, பகலில் பல மணி நேரம் உலர்ந்த இடத்தில் வைத்து, தீனிக்கு மட்டும் தண்ணீரில் விடுங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள். எண்ணெய், மஞ்சள், பெயின்ட் எதுவும் வேண்டாம். கீழே விழுந்து வெடித்திருந்தால் பசை போட்டு ஒட்டாதீர்கள், நுரையீரல் நேர் கீழே இருக்கிறது. சுத்தமான துணியால் மூடி, ஈ மொய்க்காமல் உடனே கொண்டுபோங்கள்.

நோய் போலத் தெரிந்தாலும் நோயல்லாதவை

இகுவானா தும்மிக் கண்ணாடியில் வெள்ளைப் பொடி தெறித்தால் பயப்பட வேண்டாம், மூக்கில் இருக்கும் உப்புச் சுரப்பி மிஞ்சிய உப்பை வெளியேற்றுகிறது. வெயில் காயும் பியர்டட் டிராகன் வாயைத் திறந்து வைத்திருப்பது சூட்டைத் தணிக்க. சூடான இடத்தை விட்டு வந்த பிறகும் திறந்தே இருந்தால்தான் கவலை. ஆண் ஆமை நீண்ட முன்நகங்களை இன்னொன்றின் முகத்துக்கு நேரே படபடவென ஆட்டுவது இழுப்பு அல்ல, துணை தேடல்.

மருத்துவரிடம் போகும்போது

நம் ஊர்க் கால்நடை மருத்துவமனைகளில் ஆடு, மாடு, நாய்தான் அதிகம் வரும். ஊர்வன பார்த்த அனுபவம் உண்டா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள். ஒரத்தநாட்டில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கல்லூரியும் இருக்கிறது. ஆமையைத் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோக வேண்டாம், ஈரத் துண்டு விரித்த காற்றுத்துளை உள்ள பெட்டி போதும். பாம்பை வாய் கட்டிய பருத்திப் பையில் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். கோடையில் மதியப் பயணம் வேண்டவே வேண்டாம்.

எடை நோட்டு, கூண்டின் படம், இரண்டு முனைகளின் வெப்ப அளவு, தீனிப் பட்டியல், கிடைத்தால் புதிய எச்சம். இவை கையில் இருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். ஆடு மாட்டுக்கும் நாய்க்கும் பூச்சி மருந்தாகப் போடும் ஐவர்மெக்டின் ஆமைக்கு விஷம். எந்தக் காரணத்துக்காகவும் ஆமைக்குப் போடக் கூடாது. ஊசியைப் பெரும்பாலும் உடம்பின் முன்பாதியில் போடுவார்கள். பின்பாதி இரத்தம் நேரே சிறுநீரகம் வழியாகப் போகக்கூடும் என்பதால் இந்த முறை. சில மருந்துகளை மூன்று நாளுக்கு ஒரு முறைதான் போடுவார்கள், மெதுவாக இயங்கும் உடம்பிலிருந்து மருந்தும் மெதுவாகத்தான் வெளியேறும். 'மூணு நாள் கழிச்சு வாங்க' என்று அவர் சொன்னால் அலட்சியம் என்று நினைக்க வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு முன்னெச்சரிக்கை. நல்ல உடம்போடு இருக்கும் ஊர்வனவற்றின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கும். அமெரிக்காவில் 1975 முதல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக்குட்டி விற்கத் தடை வந்ததே குழந்தைகளுக்கு இது பரவியதால்தான். தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், தொட்டித் தண்ணீரை அடுப்படித் தொட்டியில் கொட்டாதீர்கள், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

வளர்க்க முடியாத நிலை வந்தாலும் ஆமையை ஊருணியில் விடாதீர்கள். நாணய அளவில் வாங்கிய சிவப்புக் காது ஆமை ஓர் அடி நீளம் வரை வளரும், முப்பது ஆண்டு வாழும். உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று, நம் ஊருணி ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். இடம் வைத்திருக்கும் வேறொரு வளர்ப்பாளரைத் தேடி, அதன் எடை நோட்டோடு சேர்த்து ஒப்படையுங்கள்.